கரண்ட் போனபோது பதிவாகிக்கொண்டிருந்த நாகஸ்வரம்: கரப்ட் ஆன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஆடியோவையும் ப்ராஜெக்ட்டையும் மீட்பது

கேள்வியின் சாரம் இதுதான். 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், எக்ஸ்ஃபேட் ஃபார்மட் (டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று). ஒரு மூத்த நாகஸ்வரக் கலைஞரையும் தவில் கலைஞரையும் இரண்டு நாள் வைத்து எட்டு மைக்கில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், கியூபேஸ் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் பதிவு செய்திருக்கிறார் ஒரு தம்பி. முதல் நாள் பதிவிலிருந்து ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு இசை சாஃப்ட்வேரில் வேறொரு ப்ராஜெக்ட்டும் செய்துகொண்டிருந்தார். இரண்டாம் நாள் கடைசி உருப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அதன்பிறகு டிரைவைச் சொருகினால் விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கிறது. நண்பர் ஒருவர் ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டிக் கொஞ்சம் ஃபைல் எடுத்துக் கொடுத்தார். சைஸ் சரியாக இருக்கிறது. ஆனால் சிலது திறக்கவில்லை, சிலதில் வெறும் இரைச்சல், சிலதில் நாகஸ்வரத்தின் நடுவே தவில் வந்து விழுகிறது. இரண்டு ப்ராஜெக்ட்டுமே திறக்கவில்லை. பெரியவர் மறுபடி வந்து வாசிக்கும் உடல்நிலையில் இல்லை.

தம்பி, அந்தக் கடைசி வரிதான் நீங்கள் எந்த வரிசையில் வேலை செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ப்ராஜெக்ட் ஃபைல் போனால் உங்கள் உழைப்பு போகும். வருத்தம்தான், ஆனாலும் உட்கார்ந்து மறுபடி கட்டிவிடலாம். வாசிப்பு போனால் போனதுதான். அதனால் கியூபேஸ் ஏன் திறக்கவில்லை என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் வேவ் ஃபைல்கள், அதாவது வாசிப்பின் ஒலி இருக்கும் ஃபைல்கள்.

அதற்கும் முன்னால் டிரைவைக் கழற்றி மேசையில் வைத்துவிடுங்கள். அடுத்து என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரியும்வரை சொருகவேண்டாம். "ஃபைல் போய்விட்டது" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் போயிருப்பது அடங்கல் பதிவேடுதான். நிலம் அங்கேயே கிடக்கிறது, எந்தச் சர்வே எண் யாருடையது என்ற குறிப்புதான் கிழிந்திருக்கிறது. டிரைவைச் சொருகி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் அதில் எதையாவது எழுதப் பார்க்கும். அந்த எழுத்து விழும் இடம் ஆலாபனையின் நடுப்பகுதியாகக்கூட இருக்கலாம்.

ஃபார்மட் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டச் சொல்லி யார் சொன்னாலும் இப்போது கேட்காதீர்கள். அது அந்தப் பதிவேட்டை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ஒழுங்குபடுத்தும் கருவி, உங்கள் தரவைக் காப்பாற்றும் கருவி இல்லை. அட்டவணைக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருந்தாத இடத்தில் அட்டவணை சுத்தமாவதற்காக ஃபைலை வெட்டிவிடும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி இருந்த டிரைவில் நேரடியாக அதை ஓட்டினேன். முடிந்தபோது ஃபவுண்ட் 000 என்றொரு ஃபோல்டர், அதற்குள் பெயரில்லாத சிஹெச்கே ஃபைல்கள் வரிசையாகக் கிடந்தன. பலவற்றின் பெயரை மாற்றி மீட்டேன். ஒரு கச்சேரியின் பிற்பாதி இன்றுவரை கிடைக்கவில்லை. உங்கள் நண்பர் ஏற்கெனவே ஓட்டியிருந்தால் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம், அதை அழித்துவிடாதீர்கள்.

இப்போது ஒரே ஒரு முறை சொருகி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சீரான சுழற்சிச் சத்தம் வந்தால் தொடரலாம். டிக்... டிக்... என்று ஒரே இடைவெளியில் தட்டினாலோ, சுழல ஆரம்பித்து நின்று நின்று மறுபடி சுழன்றாலோ, உடனே கழற்றிவிடுங்கள். அது படிக்கும் தலையின் கோளாறாக இருக்கலாம். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் தட்டின் மேல்பரப்பு சுரண்டப்படலாம். எந்த சாஃப்ட்வேரும் அங்கே உதவாது, தூசியில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போகவேண்டும். சாதாரண அறையில் மூடியைக் கழற்றிப் பார்க்கும் கடையில் கொடுக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் யோசனையைச் சிலர் இன்னமும் சொல்கிறார்கள். ஈரம் படிந்த தட்டில் தலை உரசினால் லேபிலும் கைவிரித்துவிடுவார்கள்.

இன்னொன்று. போர்ட்டபிள் டிரைவின் பெட்டியை உடைத்து உள்ளே இருப்பதை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டலாமா என்று யோசிப்பீர்கள். சில மாடல்களில் யுஎஸ்பி போர்டே தரவை என்க்ரிப்ட் செய்து எழுதுகிறது. போர்டைத் தவிர்த்துவிட்டுப் படித்தால் வெறும் குப்பைதான் தெரியும். அதனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், ஹப் இல்லாமல் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் சொருகுங்கள். மின்சாரம் போதாமல் மக்கர் செய்யும் டிரைவ்கள் நிறைய.

சத்தம் சரியென்றால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். எண்கள் நிறைய வரும், நமக்கு வேண்டியது நான்கு. 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (செக்டர் என்பது டிரைவில் தரவு எழுதப்படும் சின்னக் கட்டம்), 197 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை, 198 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்றில் எதிலாவது பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் தட்டு நோய்வாய்ப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்புக் கோளாறுதான்.

அடுத்து, முழு டிரைவையும் ஒரு பிரதி எடுக்கவேண்டும். ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்வதைச் சொல்லவில்லை. முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை அப்படியே ஒரு இமேஜ். இதற்கு 2 டிபியைவிடப் பெரிய காலி டிரைவ் ஒன்று வாங்கத்தான் வேண்டும், இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். சிஸ்டம்ரெஸ்கியூ என்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு பூட் செய்தால், அதிலேயே குனு டிடிரெஸ்கியூ இருக்கிறது. அது சாதாரண காப்பியைவிட புத்திசாலித்தனமாக வேலை செய்யும். நன்றாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது கிடைத்தது எது கிடைக்கவில்லை என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் நிறுத்தினாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் ஓட்டினால் பாதி பலன் போய்விடும். முதல் சுற்றில் சுரண்டல் வேண்டாம் என்று சொல்லி ஓட்டுங்கள், இரண்டாம் சுற்றில் இரண்டு மூன்று முறை முயலச் சொல்லுங்கள். மூலம் எது, சேமிக்கும் இடம் எது என்று இருமுறை சரிபார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள். மாறிப்போனால் காலி டிரைவின் பூஜ்யங்கள் உங்கள் பதிவின்மேல் போய் விழும். நல்ல டிரைவ் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால்கூட 2 டிபிக்கு ஐந்தரை மணிநேரம் ஆகும், பழுதுபட்டதென்றால் நாள்கணக்கில் போகலாம். இந்த முறை யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இமேஜ் முடிந்ததும் மூல டிரைவைப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். இனி எல்லாப் பரிசோதனையும் பிரதியின்மேல்தான்.

பிரதியில் படிக்க முடியாத இடங்கள் பூஜ்யமாக இருக்கும். அது உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பயம் குறையும். 24 பிட் என்றால் ஒரு சாம்பிளுக்கு மூன்று பைட். 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் விநாடிக்கு 1,44,000 பைட். இன்றைய டிரைவ்களில் ஒரு செக்டர் 4,096 பைட். ஆக ஒரு செக்டர் செத்தால் போவது 28 மில்லிவிநாடி. நாகஸ்வரத்தின் ஒரு நீண்ட கார்வையில் 28 மில்லிவிநாடி ஓட்டை ஒரு சின்ன 'டப்' மாதிரித்தான் கேட்கும். ஐசோடோப் ஆர்எக்ஸ் என்ற ஒலி சீரமைப்பு சாஃப்ட்வேரின் ஸ்பெக்ட்ரல் ரிப்பேரில் இரண்டு பக்கத்து ஒலியையும் வைத்து அதை நிரப்பிவிடலாம், அருகில் உட்கார்ந்து கேட்பவருக்கும் தெரியாது. பத்து செக்டர் தள்ளித் தள்ளிப் போனால்கூடப் பதிவு பிழைக்கும். அதே 4,096 பைட் ஓட்டை லைவ் ப்ராஜெக்ட் ஃபைலின் நடுவில் விழுந்தால் அதற்கப்பால் உள்ள அத்தனையும் திறக்காமல் போகும், அந்த ஃபைல் சுருக்கப்பட்டது என்பதால். அடி வாங்கிக்கொண்டு நிற்பது ஆடியோ, தொட்டால் உடைவது ப்ராஜெக்ட். மீட்கவேண்டிய வரிசைக்கு இது இரண்டாவது காரணம்.

இனி பிரதியில் அட்டவணையை மீட்க முடியுமா என்று பாருங்கள். எக்ஸ்ஃபேட்டில் முதல் 12 செக்டர்களில் பூட் பகுதி (டிரைவைத் திறக்கத் தேவையான அடிப்படைக் குறிப்புகள்), அடுத்த 12 செக்டர்களில் அதே பகுதியின் நகல். கரண்ட் வெட்டில் முதல் பகுதி மட்டும் கெட்டிருந்தால், டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி மூலம் நகலை எடுத்து மேலே வைத்தாலே டிரைவ் முழுசாகத் திறந்துகொள்வதும் உண்டு. இதைப் பிரதியின் பிரதியில் செய்யுங்கள். அது நடக்கவில்லையென்றால் டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்றவற்றில் ஒன்றை இமேஜின்மேல் ஓட்டி, ஃபோல்டர் அமைப்போடு மீட்டுத் தரும் முறையைத் தேர்ந்தெடுங்கள். டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பே ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு தடவைக்கு 4,000 ஃபைல்வரை எடுத்துத் தரும், உங்களுக்கு அது போதும்.

உங்கள் நண்பர் ஓட்டியது பெரும்பாலும் வேறு வகை. ஃபைல்களுக்கு அசல் பெயர் இல்லாமல் எண்களாக வந்திருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அது ஃபோட்டோரெக் மாதிரி, அட்டவணையைப் பார்க்காமல், ஒவ்வொரு செக்டராகப் போய் "இது வேவ் ஃபைலின் தலை மாதிரி இருக்கிறதே" என்று அடையாளம் கண்டு, அங்கிருந்து தொடர்ச்சியாக வெட்டி எடுக்கும் முறை. ஃபோட்டோவுக்கு அருமையான முறை. ஒரே நேரத்தில் எட்டு டிராக் பதிவானதற்கு அது பொருந்தாது. அந்தத் தவில் ஏன் நாகஸ்வரத்தின் நடுவே வந்தது என்பதற்கும், சிலதில் ஏன் இரைச்சல் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது.

விண்டோஸ் 2 டிபி டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யும்போது வழக்கமாக 128 கேபி அளவுத் துண்டுகளாக இடம் ஒதுக்கும். உங்கள் மோனோ டிராக்கில் ஒரு துண்டு என்பது ஏறக்குறைய 0.9 விநாடி. எட்டு ஃபைல்கள் ஒரே நேரத்தில் வளரும்போது, நாகஸ்வரம் ஒரு துண்டு, தவிலின் வலந்தலைப் பக்கம் ஒரு துண்டு, தொப்பிப் பக்கம் ஒரு துண்டு, தாளம் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி இடம் பிடிக்கின்றன. தொடர்ச்சியாக வெட்டி எடுத்தால் பக்கத்து வீட்டுத் துண்டும் கூடவே வரும். அதுதான் உங்கள் தவில். இரைச்சல் இன்னும் நுட்பமானது. 128 கேபி என்பது 1,31,072 பைட், அதை மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு வரும். அதாவது ஒரு துண்டின் எல்லை சாம்பிளின் எல்லையில் முடிவதில்லை. பக்கத்து ஃபைலின் துண்டு நடுவில் வந்து சேரும்போது மூன்று மூன்று பைட்டாகப் பிரிக்கும் கணக்கு ஒன்றோ இரண்டோ தப்பி, அழகான வாசிப்பு வெள்ளை இரைச்சலாகிவிடுகிறது. தரவு கெடவில்லை, தொடங்கும் புள்ளிதான் பிசகியிருக்கிறது. "இரைச்சல்தானே" என்று அந்த ஃபைல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல டேக்குகளை (ஒரு தடவை வாசித்துப் பதிவானவற்றை) அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அட்டவணை வழியாக மீட்டால், துண்டுகளின் வரிசை அந்த அட்டவணையிலேயே இருப்பதால், முதல் நாள் பதிவும் இரண்டாம் நாளின் முடிந்த டேக்குகளும் பெயரோடு, முழுதாக வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிக்கல் கடைசி உருப்படியில்தான், ஏனென்றால் அது முடிந்து மூடப்படவே இல்லை.

மூடப்படாத வேவ் ஃபைலுக்கு என்ன ஆகிறது? வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் "இந்த ஃபைல் இத்தனை பைட், அதில் ஆடியோ இத்தனை பைட்" என்று இரண்டு எண்கள் எழுதப்படும். பதிவு ஓடும்போது மொத்தம் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பல சாஃப்ட்வேர்கள் பூஜ்யமோ ஏதோ ஒரு பழைய எண்ணோ வைத்துவிட்டு, ஸ்டாப் அழுத்தும்போதுதான் சரியான எண்ணை எழுதுகின்றன. கரண்ட் போனால் ஸ்டாப் இல்லை. பிளேயர் திறந்து பார்க்கிறது, ஆடியோ பூஜ்யம் என்று போட்டிருக்கிறது, "காலி" என்கிறது. உள்ளே நாற்பது நிமிட வாசிப்பு அப்படியே இருக்கும்.

இதைத் திருத்த இரண்டு வழி. எளிய வழி, எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் நீளத்தைக் கண்டுகொள்ளாதே என்ற தேர்வைச் சொல்லி, ஆடியோவை மாற்றாமல் அப்படியே புது வேவ் ஃபைலாக எழுதச் சொல்வது. அது ஃபைல் முடியும்வரை படித்துக்கொண்டு போய், புதுத் தலையைச் சரியான எண்களோடு எழுதிவிடும். எனக்குப் பெரும்பாலான நேரம் இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

தலைப்பகுதியே அழிந்திருந்தால் இரண்டாவது வழி. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் இம்போர்ட் மெனுவில் ரா டேட்டா என்று இருக்கும். அதில் 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், ஒரு சேனல், 48,000 என்று கொடுங்கள். எத்தனையாவது பைட்டிலிருந்து தொடங்குவது என்றும் கேட்கும். 44 என்று எல்லோரும் சொல்வார்கள், சாதாரண வேவ் ஃபைலுக்கு அது சரி. கியூபேஸும் ப்ரோ டூல்ஸும் எழுதும் பிராட்காஸ்ட் வேவில் தலை இன்னும் நீளம், 600 பைட்டுக்கு மேல் கூடுதலாகவே இருக்கும். அதனால் ஹெச்எக்ஸ்டி போன்ற, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலைத் திறந்து, டி-ஏ-டி-ஏ (data) என்ற நான்கு எழுத்துகள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். அதன் முதல் எழுத்து இருக்கும் இடத்திலிருந்து எட்டு பைட் தள்ளி ஆடியோ தொடங்குகிறது. இரைச்சல் வந்தால் தொடக்கத்தை ஒரு பைட் கூட்டுங்கள், இன்னும் இரைச்சல் என்றால் இன்னொரு பைட். மூன்று முயற்சியில் ஒன்றில் நாகஸ்வரம் பளிச்சென்று வரும். அந்த நொடிக்காகவே இந்த வேலையை விரும்பிச் செய்கிறேன்.

சுருதி இறங்கிக் கேட்டால் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். 48,000ஐ 44,100 என்று திறந்தால் காலம் மெதுவாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும். உங்கள் பதிவில் சுருதிப் பெட்டிக்குத் தனி மைக் இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சைஸையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தரத்தில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. நாற்பது நிமிடம் வாசித்தார் என்று நினைவிருந்தால் ஃபைல் 345 எம்பி பக்கம் இருக்கவேண்டும்.

கடைசி உருப்படியின் எட்டு டிராக்கும் அட்டவணையில் இல்லை, கலந்துதான் கிடக்கிறது என்றால் துண்டு துண்டாகப் பிரிக்கத்தான் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,270 துண்டுகள் வரும். கேட்டால் தலை சுற்றும். ஆனால் எட்டு ஃபைலும் ஒரே வேகத்தில் வளர்ந்ததால், இடம் பிடித்த வரிசை சீராகச் சுற்றிச் சுற்றி வர வாய்ப்பு உண்டு. முதல் முப்பது நாற்பது துண்டுகளைத் தனித்தனியே கேட்டு, எது எந்த மைக் என்று தாளில் எழுதுங்கள். வரிசை புலப்பட்டுவிட்டால், பைத்தான் தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு மாலையில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி மீதியைப் பிரித்துவிடுவார். வரிசை இடையில் மாறும் இடங்களில் மட்டும் மறுபடி காது தேவைப்படும்.

ஃபைல்கள் எப்படியோ கிடைத்தாலும், எந்த டேக் டைம்லைனில் எங்கே இருந்தது என்ற கவலை வரும். பிராட்காஸ்ட் வேவின் அந்த நீளத் தலைக்கு இங்கேதான் நன்றி சொல்லவேண்டும். பதிவான தேதி, நேரம் இவற்றோடு, டைம்லைனில் தொடங்கிய இடத்தைச் சாம்பிள் எண்ணாகவே அது உள்ளே எழுதி வைத்திருக்கும். ப்ராஜெக்ட் ஃபைல் முழுசாகச் செத்தாலும் ஒவ்வொரு ஆடியோ ஃபைலுக்கும் தன் இருக்கை எண் தெரியும். கியூபேஸில் புது ப்ராஜெக்ட் ஒன்றை அதே சாம்பிள் ரேட்டில் திறந்து, ஃபைல்களைப் பூலில் போட்டு, அட் ஆரிஜின் என்ற தேர்வில் உள்ளே வையுங்கள். ப்ரோ டூல்ஸில் ஸ்பாட் முறையில் ஒரிஜினல் டைம் ஸ்டாம்ப், ரீப்பரிலும் இதே வேலைக்கு ஒரு ஆக்‌ஷன் உண்டு. பதிவு செய்தபோது சாதாரண வேவ் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் இந்த வசதி இருக்காது.

இப்போது ப்ராஜெக்ட் ஃபைல்கள். முதலில் அது உண்மையிலேயே கெட்டதா என்று பாருங்கள். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முழுக்க பூஜ்யமாக இருந்தால், இடம் ஒதுக்கப்பட்டு, உள்ளடக்கம் எழுதப்படுவதற்குள் கரண்ட் போயிருக்கிறது. சைஸ் சரியாகத்தான் காட்டும், உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஃபைலோடு போராடி நேரத்தை வீணாக்காதீர்கள், பழைய பிரதியைத் தேடுங்கள். ரிப்பேர் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் சாஃப்ட்வேரும் அங்கே எதையும் உருவாக்க முடியாது. பூஜ்யமாக இல்லாமல் ஏதோ இருக்கிறது, ஆனால் திறக்கும்போது கியூபேஸ் மூடிக்கொள்கிறது என்றால், காரணம் பிளக்இன்னாகக்கூட (கியூபேஸுக்குள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சாஃப்ட்வேர்) இருக்கலாம். வேறு நிறுவனங்களின் பிளக்இன் ஃபோல்டரை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். "கரப்ட்" என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட ப்ராஜெக்ட்டுகளில் கணிசமானவை இப்படித் திறந்தவைதான்.

கியூபேஸ் ஆட்டோசேவ் செய்யும்போது ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே பிஏகே என்ற முடிவோடு வரிசை எண் போட்ட ஃபைல்களை வைக்கும். அதன் முடிவை சிபிஆர் என்று மாற்றித் திறக்கலாம். கரண்ட் போவதற்குச் சில நிமிடம் முந்தைய நிலை கிடைத்துவிடும்.

லைவில் நிலைமை இன்னும் நல்லது. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் பேக்கப் என்ற ஃபோல்டரில் கடைசியாகச் சேமித்த பத்துப் பிரதிகள் நேரம் குறித்து இருக்கும். அவையும் போயிருந்தால் ஒரு வழி உண்டு. லைவின் ப்ராஜெக்ட் ஃபைலான ஏஎல்எஸ் என்பது ஜிஜிப்பில் சுருக்கிய எக்ஸ்எம்எல் எழுத்துதான். முடிவை ஜிஇஸட் என்று மாற்றி, செவன்-ஜிப்பிலோ லினக்ஸிலோ விரித்துப் பாருங்கள். ஓட்டை விழுந்த இடம்வரை விரியும், அதற்கப்பால் வராது. கிடைத்த பகுதியை லைவ் திறக்காவிட்டாலும் நீங்கள் கண்ணால் படிக்கலாம். டெம்போ, ஒவ்வொரு கிளிப் பயன்படுத்திய ஆடியோ ஃபைலின் பெயர், மிடி சுரங்கள் எந்த பீட்டில் தொடங்கி எவ்வளவு நீளம், எல்லாமே வரிவரியாக எழுதியிருக்கும். அதை வைத்து மறுபடி கட்டுவது, நினைவை வைத்துக் கட்டுவதைவிடப் பல மடங்கு சுலபம். திறக்கும்போது மட்டும் முறியும் ஃபைல் என்றால், லைவின் பிரவுசரில் அந்த செட்டை ஃபோல்டர் மாதிரி விரித்து, ஒவ்வொரு டிராக்காகப் புது செட்டுக்குள் இழுத்துப் போடுங்கள். எந்த டிராக்கில் முறிகிறது என்று தெரிந்துவிடும், அதை மட்டும் விட்டுவிடலாம்.

மற்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேர்கள் உங்களுக்கு இப்போது தேவையில்லை, படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். லாஜிக் ப்ராஜெக்ட் பார்க்க ஒரு ஃபைல், உண்மையில் ஒரு ஃபோல்டர். ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ் கொடுத்து உள்ளே போனால் ஆல்டர்நேட்டிவ்ஸ் என்பதற்குள் ப்ராஜெக்ட் ஃபைல் பேக்கப்ஸ் இருக்கும். ப்ரோ டூல்ஸில் செஷன் ஃபைல் பேக்கப்ஸ். ஸ்டுடியோ ஒன்னில் ஹிஸ்டரி, தவிர அதன் சாங் ஃபைலே ஒரு ஜிப், விரித்துப் பார்க்கலாம். ரீப்பரின் ஆர்பிபி வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடில் திறந்து கையால் திருத்தலாம், இந்த வகையில் அதைப்போல் மீட்க எளிதானது வேறில்லை. எஃப்எல் ஸ்டுடியோவில் ஃபைல் மெனுவிலேயே கடைசி பேக்கப்புக்குத் திரும்பும் வழி உண்டு. ஆடாசிட்டி 2021இல் வந்த 3.0 முதல் எல்லாவற்றையும் ஒரே ஏயுபி3 ஃபைலில் வைக்கிறது, அது ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். பக்கத்தில் டபிள்யூஏஎல் என்று முடியும் ஒரு ஃபைல் இருந்தால் தேவையில்லாதது என்று அழித்துவிடாதீர்கள், கடைசிப் பதிவு இன்னும் அதற்குள்தான் இருக்கலாம்.

எஸ்எஸ்டியில் இதே நடந்திருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதமாட்டேன். அதில் ஒரு ஃபைலை அழித்தாலோ விரைவு ஃபார்மட் செய்தாலோ, ட்ரிம் என்ற கட்டளை அந்த இடங்களைச் சில விநாடிகளிலேயே காலி என்று அறிவித்துவிடும், பிறகு படித்தால் பூஜ்யம்தான் வரும். புதிய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றிலும், எஸ்எம்ஆர் வகையில், இதே ட்ரிம் வேலை செய்கிறது. விண்டோஸ் ஃபார்மட் கேட்டபோது நீங்கள் மறுத்திருந்தால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதிலிருந்து புரியும்.

இன்னொரு இடத்திலும் தேடுங்கள். முதல் நாள் இரவு கலைஞர்களுக்கோ நண்பருக்கோ வாட்ஸ்அப்பில் ரஃப் மிக்ஸ் அனுப்பினீர்களா? மெயிலில்? ஃபோனில்? அது எம்பி3யாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த டேக்கைத் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே வெட்டினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. புது ப்ராஜெக்ட்டில் அதை மேல் டிராக்கில் வைத்து, அதன் கீழே மீட்ட டிராக்குகளைப் பொருத்துங்கள்.

கடைசி உருப்படியைத் துண்டுகளிலிருந்து சேர்த்த பிறகு எட்டு டிராக்கையும் நேராக அடுக்க வேண்டியிருக்கும். தலை அழிந்தவற்றில் இருக்கை எண் இருக்காது. அதற்கு நாகஸ்வர மைக்கில் கசிந்த தவிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலந்தலையில் விழும் ஒரு தெளிவான அடியைத் தேர்ந்தெடுத்து, அதே அடி நாகஸ்வர டிராக்கில் எங்கே மெலிதாகத் தெரிகிறது என்று பாருங்கள். ஆனால் இரண்டையும் ஒரே புள்ளியில் ஒட்டிவிடாதீர்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் மூன்று மில்லிவிநாடி ஆகும். அவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் நாகஸ்வர மைக்கில் அந்த அடி ஏறக்குறைய 280 சாம்பிள் தாமதமாகத்தான் விழுந்திருக்கும். முதல் நாள் டேக்குகள் முழுதாகக் கிடைத்ததும், அன்று அந்தத் தாமதம் எத்தனை சாம்பிள் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மைக்கை நகர்த்தாமல் இருந்திருந்தால், கடைசி உருப்படிக்கும் அதே எண்ணை வைக்கலாம்.